தனபாலவின் பதக்கங்கள்

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர், படையில் இருந்த காலம் முழுவதும் களஞ்சியத்தில் சப்பாத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். இருபது வருடம் சப்பாத்துப் பார்த்த ஒருவர் மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். இடது வலது சரியா, சோடி சேருகிறதா? சேராததை ஒரு மூலையில் போட்டுவிடுவார்.

சென்ற வருடம் மே மாதக் கூட்டத்தில், பதக்கம் பெற்றவர்களின் பெயர்களைப் பளிங்குப் பலகையில் பொறித்து மண்டபச் சுவரில் பதிப்பது என்று முடிவானது. நாற்பது பேர் இருந்தோம். ஒவ்வொருவராக எழுந்து தம் பதக்கங்களைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் இரண்டு என்றேன். எழுபத்திரண்டில் ஒன்று, எழுபத்தேழில் நீண்ட சேவைக்காக ஒன்று. தலைவர் ஒரு பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில், மிகுந்த மரியாதையுடன் சொன்னார்.

"தனபாலன் மாத்தயாவுக்குப் பதக்கம் எதுவும் பதிவில் இல்லையே. பரவாயில்லை, வயது போனால் கண்ட கனவும் நடந்தது போலத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த லாபிர் சிரிக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. மடவளையைச் சேர்ந்த லாபிர் எங்கள் பிரிவில் லொறிச் சாரதியாக இருந்தவன். எழுபத்தேழில் என் சட்டையில் கோணலாகத் தொங்கிய பதக்கத்தை நேராக்கிவிட்டவன் அவன்தான்.

பதக்கங்களின் மேல் எனக்கு மதிப்புக் கிடையாது. முதலாவது, நாடு குடியரசான அன்று படையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் கொடுத்தது. சமையற்காரர்களுக்கும் கிடைத்தது, அன்று விடுமுறையில் குடித்துக் கிடந்தவர்களுக்கும் கிடைத்தது. இரண்டாவது, பன்னிரண்டு வருடம் ஓடிப்போகாமல் இருந்ததற்கு. இவற்றைச் சுவரில் பொறிக்கும் நாற்பது கிழவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த நாற்பது பேர் சேர்ந்து என்னைப் பொய்யன் ஆக்கியது வேறு விடயம். பொய்யன் என்ற பெயரோடு சாக எனக்கு விருப்பமில்லை. எழுபத்தொன்பது வயதில் எனக்கு மிஞ்சியிருந்த விருப்பம் அது ஒன்றே.

பதினொரு மாதம் சங்கத்துக்குப் போகவில்லை. வீட்டில் இருந்து வாசித்தேன். நான் படையில் வானொலி இயக்குநர். இருபத்திரண்டு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இரைச்சலைக் கேட்டு, அதற்குள் ஒரு சொல் வருமா என்று காத்திருந்தவன். அப்படிப் பழகியவனுக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படாது. என் மனைவி கமலம் அதை வேறு மாதிரிச் சொல்வாள். "ஒங்க கூட குடும்பம் நடத்துறதும் ஒண்ணுதான், ரேடியோவ நிறுத்தி வச்சிட்டு முன்னால ஒக்காந்திருக்கிறதும் ஒண்ணுதான்" என்பாள்.

இந்த வருடம் ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது. ஆவணப் பிரிவு கண்டியில் ஒரு சனி, ஞாயிறு நடமாடும் சேவை நடத்துகிறதாம். விடுபட்ட பதக்கங்களைப் பதிவில் சேர்க்கலாமாம். சிங்களப் பகுதி அழகாக இருந்தது. கீழே தமிழில் "ஓய்வுபெற்ற படைவீரார்" என்று அடித்திருந்தார்கள். பதக்கத்தைத் திருத்துவதற்கு முன் இவர்கள் அந்தத் துணைக்காலைத் திருத்தலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஒரு பாடசாலை மண்டபத்தில் ஆறு மேசைகள் போட்டிருந்தார்கள். நான் போய் அமர்ந்த மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் லிகிதர் இருந்தார். பின்னால் தனி மேசையில் ஓர் இளம் கப்டன். அவர் பூசியிருந்த வாசனைத் திரவியம் அவருக்கு முன்னால் வந்து எல்லோருக்கும் கைகொடுத்தது. லிகிதர் என் சேவை இலக்கத்தைக் கேட்டார், பெட்டியில் தேடினார், ஓர் அட்டையை எடுத்தார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னோர் அட்டையையும் எடுத்தார்.

"இந்த இலக்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்றார்.

"நான் ஒருவன்தான்."

"இல்லை, பாருங்கள். ஒருவர் தனபாலன், கே. மற்றவர் தனபால, கே."

இரண்டு அட்டைகளையும் என் பக்கம் திருப்பி வைத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் பதிவுகளை ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு மாற்றியபோது, பதக்கப் பிரிவில் இருந்த யாரோ ஒருவர் என் பெயரின் கடைசி எழுத்தைத் தேவையற்ற வால் என்று நினைத்து நறுக்கியிருக்கிறார். தனபாலன் தனபால ஆகிவிட்டான். நல்ல சிங்களப் பெயர். கேகாலையில் ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பார். எழுபத்திரண்டில் கிடைத்த பதக்கத்தின் விளிம்பில் ஆங்கிலத்தில் அப்படித்தான் பொறித்திருந்தது. செதுக்கியவனுக்கு இடம் போதவில்லை என்று அன்று நினைத்தேன். அதற்கென்று தனியாக ஓர் ஆள் பிறந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது.

தனபாலவின் அட்டையில் பதக்கங்கள் இரண்டும் இருந்தன. "நன்னடத்தை: மிக நன்று" என்றும் இருந்தது. தண்டனை எதுவும் இல்லை.

தனபாலனின் அட்டையில் பதக்கம் இல்லை. தண்டனைகள் இருந்தன. அறுபத்தெட்டில், கடுகண்ணாவையில் மண்சரிந்து ரயில் நின்றதால் விடுமுறையிலிருந்து ஒரு நாள் பிந்தி வந்தமை. எழுபத்துநான்கில், தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் தொலைத்தமை. எண்பத்தொன்றில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்று மேலதிகாரியை அவமதித்தமை. படை என்னைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே இடம் அந்தக் கடைசி வரிதான்.

ஆக, நான் செய்த நல்லதெல்லாம் சிங்களவனுக்குப் போயிருந்தது. குற்றமெல்லாம் தமிழனிடம் தங்கியிருந்தது. யாரும் சதி செய்யவில்லை. சதி செய்ய மூளை வேண்டும். குற்றப் பதிவு எழுதியவர்கள் பெயரைக் கவனமாக, முழுவதும் எழுதியிருக்கிறார்கள். பதக்கப் பதிவு எழுதியவர்களுக்கு அவ்வளவு கவனம் தேவைப்படவில்லை. விடயம் அவ்வளவுதான்.

கப்டன் எழுந்து வந்தார். அட்டைகளைப் பார்த்துவிட்டு, ஒரு குழந்தையின் கணக்கைத் திருத்துகிறவர் போல் புன்னகைத்தார்.

"மிகச் சுலபம், மாத்தயா. தனபால என்றும் அழைக்கப்படும் தனபாலன் நான்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி கொடுங்கள். இரண்டு வாரத்தில் பதக்கங்கள் வீட்டுக்கு வரும்."

"எந்தப் பெயரில்?"

"பதிவில் இருக்கிற பெயரில். தனபால."

"அப்படி யாரும் என்னை அழைத்ததில்லை."

"ஒரு எழுத்துத்தானே. இல்லாவிட்டால் விசாரணைச் சபை கூட வேண்டும். மூன்று பேர், ஒரு பிரிகேடியர் தலைமையில். இரண்டு வருடம், மூன்று வருடம் போகும்." என் நரைத்த தலையைப் பார்த்தார். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டது அவருடைய நாகரிகம்.

"அப்படியென்றால் என் தண்டனைகளையும் தனபாலவுக்கு மாற்றிவிடுங்கள்" என்றேன். "ஒரே ஆள் என்றால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்."

அவருக்குப் பகிடி விளங்கவில்லை. "தண்டனையை மாற்ற முடியாது. அதில் கட்டளை அதிகாரி கையெழுத்திட்டிருக்கிறார்" என்றார்.

எந்த வழியில் போனாலும் ஒரு படிவம் தேவை. பதக்கங்கள் இப்போது கையில் இல்லை என்பதால், எப்போது, எப்படி இழந்தேன் என்று எழுத வேண்டும். அவற்றைக் கடைசியாகக் கண்ட ஒருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். சமாதான நீதவான் முத்திரை குத்த வேண்டும். நாளை கொண்டுவரலாம் என்றார்கள்.

லாபிர் இப்போது சமாதான நீதவான். இந்த நாட்டில் ஓய்வுபெற்று, தலையில் தொப்பி போட்டு, சட்டைப் பையில் ஒரு பேனையும் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் சமாதான நீதவான்கள். அன்று பின்னேரம் மடவளையிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தான். றப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் மேசையில் வைத்துவிட்டு, கமலம் கொடுத்த தேத்தண்ணியை ஊதிக் குடித்தான்.

"மச்சான், நான் செல்றதக் கேளு. சத்தியக் கடதாசியே குடுத்துட்டுப் போ. ஒரு எழுத்துக்கு மூணு வருசமா? மூணு வருசத்துல எழுத்து வந்து சேரும், ஆள் ஈக்க மாட்டான்."

"நாப்பது பேருக்கு முன்னால ஒன் வாய் எங்க போயிருந்துச்சு? அன்னைக்குத் தொறந்திருந்தா இன்னைக்கு முத்திர தேவையில்ல."

அவன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான். "தலைவர்ட மகன்தானே என்ட மருமகனுக்கு வேல எடுத்துக் குடுத்தது. நான் என்னத்தச் செய்ய?"

அறுபது வருட நட்பு ஒரு மருமகனின் வேலையை விடக் குறைவு என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டேன். படிவத்தில் "1983 ஜூலையில் கொள்ளையர்கள் எடுத்துச் சென்றனர்" என்று எழுதி, சாட்சியின் இடத்தில் கையொப்பமிடக் கமலத்தைக் கூப்பிட்டேன். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், கண்ணாடியைப் போட்டாள், வாசித்தாள், பேனையை மேசையில் வைத்தாள்.

"இதுல நான் சைன் வைக்க மாட்டேன்."

"ஏன்?"

"பொய்யி. யாரும் எடுத்துக்கிட்டுப் போகல."

தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த எண்பத்துமூன்று ஜூலையில் நான் வீட்டில் இல்லை. முகாமில் இருந்த தமிழர்கள் ஐந்து பேரையும் ஓர் அறைக்குள் விட்டுப் பூட்டினார்கள். பாதுகாப்பாம். பாதுகாப்புக்காக எங்கள் துப்பாக்கிகளையும் வாங்கிக்கொண்டார்கள். பதினேழாம் நாள் கட்டுகஸ்தோட்டை வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஒழுங்கைக்கு வந்தபோது, எங்கள் வீடு நின்றது. பக்கத்து வீடு கரியாக இருந்தது. பதக்கங்கள் இருந்த தகரப் பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, "போயிருச்சு" என்றாள் கமலம். கொள்ளை போயிற்று என்று நானாக விளங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"அப்ப எங்க போச்சு?" என்றேன்.

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். லாபிரைப் பார்த்துத்தான் பேசினாள், என்னைப் பார்த்து இல்லை.

"வாசல்ல வந்து நின்னானுங்கண்ணே, இருபது முப்பது பேரு. நம்ம பக்கத்து ஆளுங்க இல்ல, லொறியில வந்தவனுங்க. நான் பொட்ட அழிச்சிட்டேன். தகரப் பெட்டிய எடுத்துக்கிட்டு வெளிய போயி, எங்க வீட்டுக்காரரு ஆமியில இருக்காருன்னு சிங்களத்துல சொன்னேன். மொத ஆளு பதக்கத்த எடுத்து ஓரத்தத் திருப்பித் திருப்பி வாசிச்சான். 'தனபால மாத்தயா வீடா?'ன்னு கேட்டான். இவரு பேர அவனே அப்பிடி வாசிச்சிட்டான். நான் ஆமான்னு சொன்னேன். 'மன்னிச்சிக்கங்க நோனா'ன்னு பெட்டியக் கையில குடுத்துட்டான்."

லாபிர் கோப்பையை வைத்துவிட்டான்.

"அப்பறம் பக்கத்து வீட்டு லீலாதேவி டீச்சர் பின்பக்க வேலியால எட்டிப் பாத்து, 'கமலம், அவைக்கு என்னத்தைக் காட்டினனீர்?'ன்னு கேட்டாங்க. யாழ்ப்பாணத்து மனுசி. பெட்டிய வேலிக்கு மேலால குடுத்தேன். 'தனபால'ன்னு வாசிப்பான், ஆமான்னு மட்டும் சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்தேன். ஆனா அவங்க வாசக் கேட்டுல அவங்க வீட்டுக்காரரு பேரு போட்ட போர்டு இருந்துச்சே. பரமநாதன்னு, இம்மாம் பெரிய எழுத்துல. பதக்கத்துல எறும்பு மாதிரி எழுத்து. எதண்ணே மொதல்ல வாசிப்பான்? டீச்சரும் பிள்ளைங்களும் பின்னால குதிச்சு எங்க வீட்டுக் குசினிக்கு வந்துட்டாங்க. பெட்டி அந்த வீட்டுக்குள்ளயே எரிஞ்சு போச்சு."

ஒழுங்கையில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். நான் கமலத்தைப் பார்த்தேன். முப்பது பேரின் முன்னால் பொட்டு இல்லாமல் நின்று, நான் அணிந்துகொள்ள மறுத்த பெயரை அவள் ஒரு சொல்லில் அணிந்திருக்கிறாள். அதையே அடுத்த வீட்டுக்கும் கொடுத்திருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது நன்றி என்று எழுத ஆசைதான். ஆனால் முதலில் வந்தது கூச்சம். என் மனைவி என்னைத் தனபால ஆக்கினாளே என்ற ஒரு சிறிய, அசிங்கமான கூச்சம்.

அவள் அதைக் கண்டுவிட்டாள்.

"பாத்தீங்களாண்ணே அந்த மூஞ்சிய?" என்றாள். "அதுக்குத்தான் நாப்பத்திரண்டு வருசம் சொல்லல. ஊரு ஒலகத்துல இவருக்குப் புடிச்ச மனுசன் ஒருத்தன் கிடையாது. அந்த வரிசையில நானும் போயி நிக்கணுமா?"

லாபிர் தொண்டையைச் செருமினான். "மச்சான், என்னமாச்சும் செல்லன்."

இதுவரை என் மௌனம் எல்லோரையும் விட நான் ஒரு படி மேலே இருப்பதற்கான அடையாளம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் நாற்பத்திரண்டு வருடம் ஒரு விடயத்தைச் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம் என் முகம் என்றால், நான் சப்பாத்துத் தலைவரை விட எந்த விதத்தில் மேல்? அவராவது வாயால் சொன்னார்.

புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். விண்ணப்பதாரரின் பெயர் என்ற இடத்தில் என் பெயரைக் கடைசி எழுத்துவரை எழுதினேன். தனபால என்ற பெயரை அவள் ஒருநாள் இரவல் வாங்கியது வேறு. அதற்காக என் பெயரை நான் விற்றுவிட முடியாது. இழந்த விதம் என்ற இடத்தில் இரண்டு வரிகள்தான் இருந்தன. "ஆபத்தில் இருந்த அயல் வீட்டுக்கு இரவல் கொடுக்கப்பட்டது. திரும்பி வரவில்லை" என்று சிங்களத்தில் எழுதினேன். கமலம் இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையொப்பமிட்டாள். லாபிர் முத்திரையில் ஊதி, குத்தினான்.

"சபைக்குத்தான் போறாய்? மூணு வருசம்?"

"சபைக்குத்தான்."

ஞாயிறு காலை அதே மேசை, அதே லிகிதர். படிவத்தை வாசித்துக்கொண்டு வந்தவர் இரண்டாவது வரியில் நின்றார்.

"இரவலா? பதக்கத்தையா?"

"ஆம்."

"பதக்கத்தை இரவல் கொடுக்க முடியாதே. நீங்கள் அப்போது சேவையில் இருந்தீர்கள். இழப்பை அறிவித்தீர்களா?"

"இல்லை. அப்போது என்னை ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள்."

"வெளியே வந்த பிறகு?"

"இல்லை."

அவர் முகத்தில் நேற்று இல்லாத ஒரு தெளிவு வந்தது. பதக்கத்தைத் தேடியபோது தடுமாறிய விரல்கள் இப்போது தடுமாறவில்லை. "அப்படியென்றால் முதலில் இதைப் பதிய வேண்டும். சேவைக் காலத்தில் நடந்தது. பதியாமல் சபைக்கு அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள்" என்று சொல்லி அட்டைப் பெட்டியை இழுத்தார்.

"யாருடைய அட்டையில்?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இரவல் கொடுத்தவர் யார்? நீங்கள்தானே. உங்கள் அட்டையில்."

தனபாலனின் அட்டையை எடுத்தார். தண்ணீர்ப் போத்தல் மூடிக்கும் மௌன அவமதிப்புக்கும் கீழே, நிதானமான அழகிய கையெழுத்தில் எழுதினார். கப்டன் கைத்தொலைபேசியில் யாருடனோ மதிய உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அட்டையை நீட்டியதும் பேச்சை நிறுத்தாமலே கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். ஒருவனிடம் பதக்கம் இருந்தது என்று எழுதுவதற்கு ஒரு பிரிகேடியரும் மூன்று வருடமும் வேண்டும். அதே ஆள் பதக்கத்தைத் தொலைத்தான் என்று எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும், மதிய உணவுப் பேச்சையும் நிறுத்தத் தேவையில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உறுதிப்படுத்திய பிரதி ஒன்று கேட்டேன். அது என் உரிமை என்று சொல்லி, பிரதியைத் தந்தார்கள்.

மண்டப வாசலில் நின்று வாசித்தேன். "தனபாலன், கே. தமக்கு வழங்கப்பட்ட பதக்கங்கள் இரண்டை, 1972 மற்றும் 1977, கவலையீனமாக இரவல் கொடுத்து இழந்தமையும், இழப்பை அறிவிக்கத் தவறியமையும். தண்டனை: எச்சரிக்கை." கடைசி எழுத்து இருந்தது. குற்றம் என்று வந்தால் இவர்கள் ஓர் எழுத்தைக்கூட விடமாட்டார்கள்.

வீட்டில் லாபிர் காத்திருந்தான். பிரதியை வாங்கி ஒரு தடவை தனக்குள் வாசித்தான். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"வழங்கப்பட்ட பதக்கங்கள் இரண்டு! முத்திரையோட! மச்சான், வார கிழம கூட்டத்துல நான் எழும்பி வாசிக்கிறன். தலைவர்ட மூஞ்சிக்கு நேர வாசிக்கிறன்."

"ஒன் மருமகன்ட வேல?"

"அவன் போன மாசம் கத்தாருக்குப் போயிட்டான்."

அவனுடைய வீரம் எப்போது எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தது. கமலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வாசி" என்றேன்.

கமலம் குசினியிலிருந்து வந்து, அந்த அரசாங்கச் சிங்களத்தைத் தனக்குத் தமிழில் சொல்லச் சொன்னாள். லாபிர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். 'கவலையீனமாக' என்ற இடத்தில் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"கவலையீனமா? யாருக்குக் கவலையீனம்? வேலிக்கு மேலால குடுக்கிறப்ப எனக்குக் கையெல்லாம் ஆடிக்கிட்டு இருந்துச்சு." என் பக்கம் திரும்பினாள். "குடுத்தது நான். அந்தக் குத்தத்தையாவது என் பேர்ல எழுதச் சொல்லக் கூடாதா? அதுக்கும் நீங்கதானா முன்னால போயி நிக்கணும்?"